சிங்கப்பூரில் தொழிற்கல்வி: ஒரு வரலாற்றுப் பார்வை

சிங்கைத் தமிழ் இல்லங்களில் ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதும் ஆண்டு, அவ்வில்லத்தார் அனைவருக்குமே தேர்வு ஆண்டாகி விடுகின்றது. தாயார் ஆலயத்தில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகின்றார். தந்தையார் துணைப்பாட வகுப்பு தேடி அலைகின்றார். இவ்வளவு பரபரப்பிற்கும் அடியில், வாய்விட்டுச் சொல்லப்படாத ஓர் அச்சம் உறைந்து கிடக்கின்றது. "பிள்ளை படிப்பில் பின்தங்கித் தொழிற்பயிற்சிக்குப் போய்விடுவானோ" என்பதே அது. ஆயுத பூசை நாளில் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கும் நம்மவர், அக்கருவியைத் தம் பிள்ளை கையில் எடுப்பதைத் தோல்வியாகக் கருதுவது விந்தையே. எனினும் இவ்வச்சத்தை வெறும் வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஓரளவேனும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொழிற்கல்வி என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்திற்கு வெளியே நிகழ்ந்தது. குடியேற்ற ஆட்சிக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டனர். ஆங்கிலப் பள்ளிகள் அவர்களை உருவாக்கித் தந்தன. துறைமுக வாரியம், இரயில்வே, நகராண்மைக் கழகம், செம்பவாங் கடற்படைத் தளம் ஆகிய இடங்களில் உழைத்த நம் முன்னோர், மண்டோரின் அதட்டலுக்கு நடுவில் பார்த்தும் கேட்டும் தொழில் பயின்றனர். 1938ஆம் ஆண்டில் பெரிய கப்பல் செப்பனிடும் துறை திறக்கப்பட்ட செம்பவாங் தளத்தில், தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். யீஷூனில் இன்று விளங்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், அக்காலத்துத் தளத் தொழிலாளர்களின் பக்தியில் கேன்பரா சாலைப் பகுதியில் தோன்றியதே என்பதை நினைவூட்டத் தேவையில்லை. அத்தொழிலாளர்களுள் பலர் கொதிகலனையும் இயந்திரத்தையும் தம் உள்ளங்கையைப் போல் அறிந்திருந்தனர். ஆயினும் அவ்வறிவிற்குச் சான்றாகக் காட்ட அவர்களிடம் ஒரு தாள்கூட இருந்ததில்லை.

அவர்தம் பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழ்த் தொடக்கப்பள்ளிகளில் ஆறாண்டு பயின்றபின் மேலே செல்ல வழியில்லாமல் இருந்தது. 1946ஆம் ஆண்டில் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1960ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தபோதுதான் தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு இத்தீவில் ஓர் இடம் கிடைத்தது. அது ஒன்றே ஒன்று. 1982ஆம் ஆண்டில் அதுவும் மூடப்பட்டது.

பள்ளி வாயிலாகத் தொழிற்கல்வி தருவதற்கான முயற்சிகள் ஐம்பதுகளில் உருப்பெற்றன. 1956ஆம் ஆண்டில் குவீன்ஸ்டவுனில் முதல் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளி தொடங்கப்பெற்றது. 1954ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி, 1958ஆம் ஆண்டில் இளவரசர் எட்வர்டு சாலையில் வகுப்புகளைத் தொடங்கியது. தன்னாட்சி அரசாங்கம் அமைந்தபின், வேலையின்மை பெருகி நின்ற அந்நாளில், சான் சியூ கியாட் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 1961ஆம் ஆண்டில் தொழிற்கல்வியின் நிலையை ஆராய்ந்தது. அதன் பயனாகத் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளிகளும், அவற்றுக்குக் கீழ்ப்படியில் ஈராண்டுத் தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் எழுந்தன.

நம் இல்லங்களில் இன்றும் நிலவும் அச்சத்தின் வேரை இங்கேதான் காண்கின்றோம். அந்த ஈராண்டுப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டோர் யாவர்? தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர் சிறுமியர். அவர்களுக்குத் தொழிலில் நாட்டம் உண்டா என்று எவரும் வினவவில்லை. ஏட்டுக் கல்வி வரவில்லை என்பதே தகுதியாயிற்று. ஈராண்டு முடிந்து வெளிவந்தபோதோ, வேலைக்குச் சேர வயது போதவில்லை. மேலே படிக்கவும் வழியில்லை. முதலாளிகள் அவர்களை ஏற்கத் தயங்கினர். பெற்றோர் அப்பள்ளிகளை வெறுத்தனர். அறுபதுகள் முடிவதற்குள் அரசாங்கமே அவற்றைக் கைவிட்டது. பள்ளிகள் மறைந்துவிட்டன, அவை விட்டுச்சென்ற இழிபெயர் மட்டும் மறையவில்லை. தொழிலுக்கு இழுக்கு நேர்ந்தது தொழிலால் அன்று, ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையால்தான் என்பது என் உறுதியான கருத்து.

1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில், படைத்தளங்களை விட்டு விலகப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களையே சார்ந்திருந்தது. செம்பவாங் வட்டாரத்து இல்லங்களில் அன்று மூண்ட கலக்கத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பணி இழக்கவிருந்த தொழிலாளர்களுக்கு விரைவுப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. அதே ஆண்டில் கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனித்துறை ஒன்று நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து உயர்நிலைப்பள்ளியின் முதல் ஈராண்டுகளில் மாணவர் அனைவரும், மாணவியருள் பாதிப்பேரும் மரவேலை, உலோகவேலை, தொழில்நுட்ப வரைபடம் போன்ற பாடங்களைப் பயில வேண்டும் என்றாயிற்று. பள்ளிதோறும் பட்டறை அமைக்கப் பொருளும் காலமும் இல்லாமையால், பல பள்ளிகளுக்குப் பொதுவான மத்தியப் பட்டறைகள் கட்டப்பட்டன. மருத்துவராகப் போகும் மாணவனும் அந்நாளில் அரம் பிடித்து இரும்பை அராவினான். தொழிற்கல்வி எவரையும் பிரித்துக் காட்டாத அந்தச் சில ஆண்டுகள், நம் கல்வி வரலாற்றில் தனிச் சிறப்புடையவை.

பயிற்சிக் கழகங்களும் விரைந்து பெருகின. 1968ஆம் ஆண்டில் அவற்றில் பயிற்சி முடித்து வெளிவந்தோர் 324 பேர். 1972ஆம் ஆண்டில் ஒன்பது கழகங்களிலிருந்து வெளிவந்தோர் 4,000 பேருக்கும் மேலாவர். சூரோங்கில் எழுந்த ஆலைகள் அவர்களை ஏற்றுக்கொண்டன. 1973ஆம் ஆண்டில் தொழிலியல் பயிற்சி வாரியம் அமைந்தது. தேசியத் தொழிற்சான்றிதழ் மூன்று படிகளில் வழங்கப்பட்டது: மூன்றாம் நிலை பகுதித் தேர்ச்சிக்கு, இரண்டாம் நிலை முழுத் தேர்ச்சிக்கு, முதல் நிலை கைதேர்ந்த வினைஞருக்கு. தகப்பனாரிடம் இல்லாத அந்தத் தாள், மகனின் கைக்கு முதன்முறையாக வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாக நடத்தப்பட்ட மையங்களும் தோன்றின. அவற்றுள் முதலாவது 1972ஆம் ஆண்டில் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துடன் அமைந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஜெர்மனியின் ரோலை, ஹாலந்தின் பிலிப்ஸ் ஆகியவை அதன்பின் வந்தன. நுண்கருவி செய்யும் வேலையில் இம்மையங்களில் தேறியவர்களுக்கு ஆலைகளில் பெருமதிப்பு இருந்தது.

இந்த ஏற்றம் தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1979ஆம் ஆண்டில் டாக்டர் கோ கெங் சுவீ குழுவினர் அளித்த அறிக்கை, கல்வியில் ஏற்பட்ட வீணடிப்பைப் புலப்படுத்தியது. இருமொழிச் சுமையைத் தாங்காது இடையிலேயே பள்ளியை விட்டவர் ஏராளம். அதற்குத் தீர்வாக வந்த புதிய கல்விமுறை, தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே, அதாவது ஒன்பது வயதிலேயே, பிள்ளைகளை மூன்று பிரிவுகளாகப் பகுத்தது. ஒருமொழிப் பிரிவில் இடப்பட்டோர் எட்டாண்டு தொடக்கப்பள்ளியிலேயே பயின்று, பின் தொழிற்பயிற்சிக்குச் சென்றனர். அதே 1979ஆம் ஆண்டில் வாரியமும் முதியோர் கல்விக் கழகமும் இணைந்து வி.ஐ.டி.பி. எனப்பட்ட பயிற்சிக் கழகமாக உருவெடுத்தன. பிள்ளைகள் இடையில் நின்றுபோவது குறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உயர்நிலைப்பள்ளியின் வாசலையே மிதியாத பதினான்கு வயதுப் பிள்ளை பயிற்சிக்கூடத்தில் நின்றபோது, அறுபதுகளின் பழைய நிழல் மீண்டும் படிந்தது. 'வி.ஐ.டி.பி.' என்ற நான்கெழுத்தைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துபோன பெற்றோர் அக்காலத்தில் பலர்.

நம் சமூகத்தில் இதன் தாக்கம் கடுமையாகவே இருந்தது. எண்பதுகளில் இந்திய மாணவர்களின் தேர்ச்சி, குறிப்பாகக் கணிதத்தில், நாட்டின் சராசரிக்குக் கீழே இருந்தது. 1989ஆம் ஆண்டில் இந்தியர் கல்வி நடவடிக்கைக் குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கையின் பயனாக 1991ஆம் ஆண்டில் சிண்டா தோன்றியது. துணைப்பாட வகுப்புகள் பரவின. அவை செய்த தொண்டு பெரிது. ஆயினும் அந்நாள் மேடைப் பேச்சுகளில் 'பிள்ளைகளைத் தொழிற்பயிற்சியிலிருந்து மீட்பது' என்ற தொனி இழையோடியதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஏற்கெனவே பயின்றுகொண்டிருந்த பிள்ளைகளின் செவியில் அச்சொற்கள் எவ்வாறு விழுந்திருக்கும்?

பெருந்திருப்பம் 1992ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நிகழ்ந்தது. வி.ஐ.டி.பி. மறைந்து, தொழில்நுட்பக் கல்விக் கழகம் பிறந்தது. பெயர் மாற்றம் என்றே பலர் எண்ணினர். உண்மையில் மாறியது நுழைவாயில். அனைவருக்கும் குறைந்தது பத்தாண்டுப் பொதுக்கல்வி என்ற கொள்கை ஏற்கப்பட்டது. தொழிற்கல்வி, தொடக்கப்பள்ளியில் தேறாதவரின் இருப்பிடம் என்ற நிலை நீங்கி, உயர்நிலைப்பள்ளிக்குப் பிந்திய கல்வியாயிற்று. 1994ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளிகளில் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. கணினிப் பயன்பாடும் தொழில்நுட்பப் பாடமும் அதில் இடம்பெற்றன. தாய்மொழிப் பாடம் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் முதன்மை தரும் அடிப்படைத் தமிழாக அமைந்தது. பன்னிரண்டு வயதில் மூடிய கதவு பதினாறு, பதினேழு வயதுவரை திறந்திருந்தது. வளரும் பிள்ளைக்கு அந்த நான்காண்டு எத்துணை பெரிய அவகாசம் என்பதைப் பெற்றோர் அறிவர்.

ஆயினும் ஏளனம் உடனே ஓயவில்லை. கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகளுக்கு 'இதுவே முடிவு' என்று பொருள் கூறிச் சிரித்தனர். ஓராண்டில் பள்ளி முடிப்போருள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் செல்லும் இடத்தைப் பற்றிய பேச்சு இது! அரசாங்கம் கட்டடத்தால் விடை கூறியது. சீமெய், சுவா சூ காங், அங் மோ கியோ ஆகிய மூன்று இடங்களில் 2005, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் பெருங்கல்லூரிகள் எழுந்தன. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் இணைந்த அனைத்துலகப் புத்தாக்க விருது கழகத்திற்குக் கிட்டியது. தொடக்கப்பள்ளித் தேர்வில் தேறாதோருக்கென 2007ஆம் ஆண்டில் நார்த்லைட் பள்ளியும், செய்முறைக் கல்வியை நாடுவோருக்கென 2013, 2014ஆம் ஆண்டுகளில் கிரெஸ்ட், ஸ்பெக்ட்ரா ஆகிய உயர்நிலைப்பள்ளிகளும் தோன்றின.

கட்டடத்தினும் முக்கியமானது மேலே ஏறும் படி. ஹையர் நைட்டெக் சான்றிதழ் பெற்றவர் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்லலாம். தகுதியுடையோர் சில பாடப்பிரிவுகளில் நேரே இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். பணியாற்றிக்கொண்டே பட்டயம் பெறும் வழியைக் கழகமே வழங்குகின்றது. 2022ஆம் ஆண்டு முதல், மூன்றாண்டில் நேரடியாக ஹையர் நைட்டெக் பெறும் பாடத்திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் நைட்டெக் முடித்தோரில் ஒரு பகுதியினர் மேலே செல்ல இடமின்றி நின்றுவிட்ட குறையை இது போக்க முற்படுகின்றது.

2024ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிடமிருந்து, விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுப் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன. மூன்று தொகுப்புகளாகப் பள்ளிக்கு அனுப்பப்பட்டாலும், அவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து, தத்தம் ஆற்றலுக்கேற்ற நிலையில் ஒவ்வொரு பாடத்தையும் பயில்கின்றனர். கணிதத்தில் வல்ல ஒரு பிள்ளை, ஆங்கிலத்தில் பின்தங்கிய ஒரே காரணத்தால் எல்லாப் பாடத்திலும் கீழ்ப்படியில் நிறுத்தப்படுவதில்லை. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு அப்படியே உள்ளது. அத்தேர்வு முடிவுக்கான வேண்டுதல்களும் அவ்வாறே உள்ளன. அறுபதுகளில் பன்னிரண்டு வயதில் தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டோர் இன்று எழுபதைக் கடந்த பாட்டனார்கள், பாட்டிமார்கள். பேரப்பிள்ளையின் பள்ளித் தெரிவுப் படிவம் வீட்டிற்கு வரும்போது முதலில் பேசுவோரும், பெரும்பாலும் அவர்களே.