650 கிராம்

650 கிராம் என்றால் எவ்வளவு? மளிகைக் கடையில் கட்டித் தருகிற அரைக்கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு கை அள்ளிப் போடுங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1978இல் ஒரு சட்டம் வந்தது. அந்த எடைக்கு ஹெராயினோ கொக்கெய்னோ வைத்திருந்து பிடிபட்டால் ஆயுள் தண்டனை. பரோல் கிடையாது. முதல் தடவையா, பத்தாவது தடவையா என்ற பேச்சே இல்லை. தராசு முள் 650ஐத் தொட்டுவிட்டால் நீதிபதிக்கு வேறு வேலை கிடையாது, தீர்ப்பை வாசிக்க வேண்டியதுதான். சிறைக்குள் இந்தச் சட்டத்தில் மாட்டியவர்களுக்குப் பெயரே '650 லைஃபர்' என்று ஆகிவிட்டது.

'ஒயிட் பாய் ரிக்' படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்தச் சட்டத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2018இல் வந்த படம், யான் டெமாஞ்ச் இயக்கியது. அப்பாவாக மாத்யூ மெக்கானஹே. மகன் ரிக்காக, அதற்கு முன் நடித்தே இராத ரிச்சி மெரிட் என்ற பால்டிமோர் பையன். துப்பாக்கிச் சந்தை ஒன்றில் படம் தொடங்கும். கூடவே வந்த பொடியன் ஏ.கே. 47 துப்பாக்கிக்குப் பேரம் பேசுவான். அப்பா பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பார். என்றைக்காவது ஒரு வீடியோ கடை வைத்துச் செட்டில் ஆகிவிடலாம் என்பது அவருடைய கனவு.

பார்க்கும்போது இது ஒரு அப்பா மகன் கதை என்றுதான் தோன்றியது. படித்த பிறகு அரசாங்கத்துக்கும் ஒரு பையனுக்கும் இடையில் நடந்த கதையாகத் தெரிகிறது.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். டெட்ராய்ட். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் வளர்ந்த கார் நகரம். 1950இல் அங்கே சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 1980இல் 12 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்துக்கும் கீழே. ஆலைகள் நகரை விட்டுப் போயின. 1967 ஜூலையில் வெடித்த கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். கலவரத்துக்கு முன்பே தொடங்கியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களின் புறநகர் ஓட்டம் அதற்குப் பிறகு வேகமெடுத்தது. 1973இல் கோல்மன் யங் நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கைக்கு வந்தபோது கஜானாவும் காலி, ஆலைகளும் காலி. அடுத்த இருபது ஆண்டுகள் அவர்தான் மேயர்.

வேலை போன இடத்துக்குப் போதை வந்தது. முதலில் ஹெராயின், 80களின் நடுவில் கிராக். கொக்கெய்னைச் சோடா உப்போடு சேர்த்துக் காய்ச்சி எடுக்கிற கட்டி அது. சின்னச் சின்னத் துண்டாக உடைத்து மலிவாக விற்கலாம். இழுத்த சில நொடியில் ஏறும், சீக்கிரமே இறங்கும், உடனே அடுத்த துண்டைக் கேட்கும்.

பெரிய முதலைகளைப் பிடிக்கத்தான் 650 கிராம் சட்டம் என்று சொன்னார்கள். ஆனால் முதலைகள் சரக்கைத் தொடுவதில்லை. தொடுகிறவன் கீழே இருப்பவன். அவன் பதினெட்டு, இருபது வயதுக்காரனாக இருந்தால் மாட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க உள்ளே. அதனால் இன்னும் சின்னவனாகப் பார்த்துப் பிடித்தால் போச்சு! அவனுக்குச் சிறார் நீதிமன்றம்தான், சீக்கிரம் வெளியே வந்துவிடுவான். 70களின் கடைசியில் டெட்ராய்டில் ஹெராயின் விற்ற ஒரு கும்பலின் பெயரே 'யங் பாய்ஸ் இன்கார்ப்பரேட்டட்'. பள்ளிக்கூட வயதுப் பையன்களைத் தெருவில் நிறுத்தித்தான் அவர்கள் தொழில் நடந்தது. பெரியவர்களைப் பயமுறுத்தப் போட்ட சட்டம், வியாபாரத்தைப் பிள்ளைகள் கையில் தள்ளிவிட்டது. கும்பல்களுக்குப் புரிந்த இந்தக் கணக்கைக் காவல் துறையும் ஒரு நாள் போட்டுப் பார்த்தது.

ரிச்சர்ட் வெர்ஷி ஜூனியர், ரிக், 1969இல் பிறந்தவன். நகரின் கிழக்குப் பக்கம் வீடு. அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே இருந்துவிட்ட குடும்பம். அம்மா பிரிந்து போய்விட்டார். அக்கா போதையில். அப்பா துப்பாக்கி விற்பவர், எஃப்.பி.ஐ.க்கு அவ்வப்போது தகவலும் சொல்பவர். 1984இல் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சில புகைப்படங்களைக் காட்டினார்கள். அந்த வட்டாரத்தில் கோலோச்சிய கரி சகோதரர்களின் ஆட்கள். அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பையனுக்குத் தெரிந்தது. தெருவில் அவர்களோடு சுற்றுகிறவன் அவன்தானே.

அப்போது அவனுக்கு வயது 14. அன்றிலிருந்து எஃப்.பி.ஐ.யின் தகவலாளி அவன்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. உளவு பார்க்க வேண்டுமானால் கும்பலோடு இருக்க வேண்டும். கும்பலோடு இருக்க வேண்டுமானால் அவர்கள் செய்வதைச் செய்ய வேண்டும். சரக்கு வாங்க அதிகாரிகளே பணம் கொடுத்தார்கள் என்று பின்னாளில் வெர்ஷி திரும்பத் திரும்பச் சொன்னார். 1985 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் ஹாக்லருக்கும் டெட்ராய்ட் பிள்ளையான ஹெர்ன்ஸுக்கும் நடந்த பெரிய குத்துச்சண்டைக்கு, போலி அடையாள அட்டையோடு தன்னை அனுப்பி வைத்ததும் அவர்கள்தான் என்றார். அப்போது 15 வயது. பள்ளிக்கூடம் போகிறானா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முந்தின வருடம்தான் வயிற்றில் குண்டு வாங்கிப் பிழைத்திருந்தான். சுடப்பட்ட பிள்ளையைக்கூட வேலையிலிருந்து எடுக்கவில்லை.

1986 வாக்கில் எஃப்.பி.ஐ. அவனைக் கைவிட்டது. அவன் சொன்ன தகவல்களும் சேர்ந்து உருவான வழக்கில் கரி சகோதரர்கள் 1987இல் மாட்டினார்கள். ஆனால் பதினாறு வயதுப் பையனுக்கு அதற்குள் ஒரே ஒரு தொழில்தான் தெரிந்திருந்தது. அதைத் தன் சொந்தப் பொறுப்பில் செய்யத் தொடங்கினான்.

இங்கே அவனை அப்பாவி ஆக்கிவிடக் கூடாது. விற்றான், சம்பாதித்தான், கழுத்தில் தங்கமும் காலடியில் காருமாகத் திரிந்தான். அவன் விற்றதை வாங்கியவர்கள் வீட்டிலும் அவன் அக்காவைப் போல யாராவது இருந்திருப்பார்கள். படம் இந்த இடத்தில் கொஞ்சம் நழுவுகிறது. வாங்கியவர்களின் முகம் அதில் அநேகமாக இல்லை. ஆனால் அவன் செய்ததைத் தப்பு என்று சொல்வது ஒன்று, அவனுக்கு அந்தத் தொழிலைப் பழக்கியது யார் என்று கேட்பது இன்னொன்று. நீதிமன்றம் முதல் கேள்வியை மட்டும் கேட்டது.

1987 மே மாதம், காரை நிறுத்திச் சோதித்ததில் தொடங்கிய தகராறு, அருகில் ஒரு வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட 8 கிலோ கொக்கெய்னில் போய் முடிந்தது. வயது 17. மிச்சிகனில் அன்றைக்கு 17 என்றால் குற்றவியல் சட்டத்துக்குப் பெரியவன். (அந்த வயதை 18 ஆக்க அந்த மாநிலத்துக்கு 2021 வரை ஆனது.) 1988 ஜனவரியில் தீர்ப்பு. 650 கிராமைத் தாண்டிவிட்டது, அதனால் ஆயுள். 14 வயதில் வேலைக்குச் சேர்த்தவர்கள் யாரும் நீதிமன்றத்தில் வந்து 'இவன் எங்க பையன்' என்று சொல்லவில்லை.

பத்திரிகைகளுக்கு அவன் கொண்டாட்டம். கறுப்பர்களின் தெருவை ஆட்டிவைத்த வெள்ளைப் பையன்! அந்தப் பட்டப்பெயரே பாதி வழக்கை முடித்துவிட்டது. அதே பெயரால்தான் பின்னால் புத்தகம், ஆவணப்படம், ஹாலிவுட் படம் எல்லாம் வந்தன என்பதையும் மறக்க வேண்டாம். அதே சட்டத்தில் உள்ளே போன கறுப்பினப் பையன்களுக்குப் பட்டப்பெயரும் இல்லை, மெக்கானஹேயும் இல்லை.

இனி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், சிறைக்குள்ளேயே அவ்வளவு வயதாகிவிட்டது. உள்ளேயிருந்தும் வெர்ஷி எஃப்.பி.ஐ.க்கு உதவினார். போதைக் கும்பல்களுக்குக் காவலாகப் போன டெட்ராய்ட் போலீஸ்காரர்களை 1991இல் வலைபோட்டுப் பிடித்ததில் அவர் பங்கு உண்டு. மேயரின் மைத்துனரும் அதில் சிக்கினார். ஊழல் போலீசைக் காட்டிக்கொடுத்ததற்கு அவருக்குத் தண்டனைக் குறைப்பு கிடைக்கவில்லை. அவர் யாரைப் பற்றித் தகவல் சொன்னாரோ அந்த ஜானி கரி 1999இல் வெளியே வந்துவிட்டார். ஏராளமான கொலைகளை ஒப்புக்கொண்ட ஒரு கூலிக் கொலையாளி, சாட்சி சொல்லி, சுமார் 17 ஆண்டுகளில் வெளியே வந்தார்.

சட்டம் மட்டும் என்ன ஆனது? 672 கிராம் கொக்கெய்னோடு பிடிபட்ட ஹார்மலின் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் மீது அதற்கு முன் எந்தக் குற்றமும் இல்லை. 1991இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனை செல்லும் என்றது நீதிமன்றம். 22 கிராம் கூடுதல், ஒரு ஓட்டு கூடுதல், ஒரு ஆயுள். 1978இல் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் வில்லியம் மில்லிகென், அது தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். 1998இல் சட்டம் தளர்த்தப்பட்டது, 650 லைஃபர்களுக்குப் பரோல் கதவு திறந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, 2003இல் வெர்ஷியின் மனு நிராகரிக்கப்பட்டது. சிறையிலிருந்தபடியே ஒரு திருட்டுக் கார் விவகாரத்தில் சிக்கிப் புளோரிடாவிலும் ஒரு தண்டனை வாங்கிக்கொண்டார். அது அவர் தானே தேடிக்கொண்டது.

2017இல் மிச்சிகன் பரோல் கொடுத்தது. நேராகப் புளோரிடா சிறை. 2018 செப்டம்பரில் தன்னைப் பற்றிய படம் தியேட்டருக்கு வந்தபோது அவர் அங்கே கைதி. அப்பா 2014இலேயே இறந்துவிட்டார். 2020 ஜூலையில் விடுதலை ஆனபோது வயது 51. முப்பத்திரண்டு வருடங்களுக்கு மேல் போயிருந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோது தன்னை ஆபத்தில் தள்ளினார்கள் என்று 2021இல் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் உள்ளிட்டோர் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். காலக்கெடு தாண்டிவிட்டது என்று சொல்லி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காலக்கெடு! ஒரு மனிதனை முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே பூட்டி வைத்துவிட்டு, ஏன் சீக்கிரம் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதைதானே என்று நாம் எழுந்து போக முடியாது. கிராமை வைத்து ஆளை எடை போடுகிற சட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் 15 கிராம் ஹெராயினைத் தாண்டிக் கடத்தினால் தூக்கு. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராமுக்காக 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவீடு 69. இந்தியாவின் போதைப்பொருள் சட்டத்திலும் 250 கிராம் ஹெராயின் வணிக அளவு, குறைந்தபட்சம் பத்தாண்டு. எங்கேயும் தராசில் ஏறுவது பொட்டலம்தான். அதைக் கையில் கொடுத்து அனுப்பியவன் ஏறுவதில்லை.

போதை விற்பவர்களுக்குப் பரிந்து பேச எனக்கு ஆசை இல்லை. போதையில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இந்தக் கட்டுரையை வாசிக்கவும் முடியாது. ஆனால் ஒரு சின்னக் கேள்வி மட்டும் படம் முடிந்த பிறகும் போகமாட்டேன் என்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் புகைப்படங்களைப் பரப்பி வைத்த அதிகாரிகள், பையன் 'இவரை எனக்குத் தெரியும்' என்று கை காட்டியபோது, படங்களைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். நீ போய் ஹோம்வொர்க் பண்ணுப்பா என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை.