மெக்-சி பிறந்த இடம்

2007-ல் இங்கிலாந்தின் தென்மேற்கில், ஒரு பண்ணையின் பால் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா இருந்தது. அதில் வியப்பில்லை. கறவை மாட்டின் காம்புத் துளை வழியே ஏறி, மடிக்குள் பதுங்கி, பாலைத் திரிக்கும் மடிநோய்க் கிருமிகளில் அதுவும் ஒன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹோம்ஸின் குழுவில் இருந்த லாரா கார்சியா-ஆல்வரெஸ் அந்த நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆனால் இந்தக் கிருமி மெத்திசிலின் வகை மருந்துக்கு அசையவில்லை. அப்படியானால் அதனுள் மெக்-ஏ என்ற மரபணு இருக்க வேண்டும். அந்த மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையோ இல்லை என்றது.

மெத்திசிலின் உள்ளிட்ட பெனிசிலின் குடும்ப மருந்துகள் எல்லாம் பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் புரதங்களைப் பிடித்து முடக்குபவை. மெக்-ஏ உள்ள கிருமி, மருந்தின் பிடியில் எளிதில் சிக்காத இன்னொரு புரதத்தைச் செய்துகொள்கிறது; அதனால் சுவர்க் கட்டுமானம் நிற்பதில்லை. பண்ணைக் கிருமி மருந்தை எதிர்க்கிறது, ஆனால் அதில் மெக்-ஏ இல்லை என்றால் வேறொன்று அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்தபோது அது அகப்பட்டது. மெக்-ஏவுக்கு உறவுதான், ஆனால் எழுத்துவரிசை ஏறத்தாழ 70 சதவீதமே ஒத்துப்போனது. சோதனை ஏமாந்தது அதனால்தான். 2011-ல் கண்டுபிடிப்பு வெளியானது. மெக்-சி என்ற பெயர் பிறகு வந்தது. பாலைக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும் என்பதால் குடிப்பவருக்குப் பெரிய கவலை இல்லை. மருத்துவமனைகளின் கவலை வேறு: மெக்-ஏவை மட்டும் தேடும் பிசிஆரை நம்பினால், எதிர்ப்புள்ள கிருமியை எதிர்ப்பற்றது என்று எழுதி, நோயாளிக்குப் பயன்படாத மருந்தைக் கொடுக்க நேரும். பழைய சேகரிப்புகளைக் கிளறியபோது, 1975-ல் டென்மார்க்கில் ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்து வைத்த கிருமியிலும் அதே மரபணு இருந்தது.

மாட்டு மடியில் ஏற்றும் ஆன்டிபயாடிக்தான் இந்த மரபணுவைப் பெற்றெடுத்தது என்று சந்தேகப்படுவது இயல்பு. 2022-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு வேறு இடத்தைக் காட்டியது: முள்ளெலியின் தோல். ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் டிரைக்கோஃபைட்டான் எரினேசி என்ற பூஞ்சை வாழ்கிறது. அது தானே பெனிசிலின் வகைப் பொருள்களைச் சுரக்கிறது. அதன் பக்கத்திலேயே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பிழைக்க வேண்டுமானால் எதிர்ப்பு வேண்டும். மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காலத்தைக் கணக்கிட்டபோது, மெக்-சி தாங்கிய சில வம்சங்கள் 1800-களிலேயே தோன்றிவிட்டன என்று தெரிந்தது. மனிதர் பெனிசிலினை மருந்தாக்கியது 1940-களில்; மெத்திசிலின் வந்தது 1959-ல்.

ஆகவே பிறப்புக்கு மாட்டுக்கொட்டகையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. மடிக்குள் வந்து சேர்ந்தபின் அது அங்கே தங்குமா என்பது வேறு கேள்வி. காம்பில் கண்மூடித்தனமாக மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும், எதிர்ப்புள்ள கிருமிக்கே நாம் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம்.