அரோச்சுக்வு: தெய்வ வாக்கும் சந்தைச் சாலையும்

தென்கிழக்கு நைஜீரியாவின் அபியா மாநிலத்தில், கிராஸ் ஆற்றுக்கு அணித்தாக, காடும் வள்ளிக்கிழங்குக் கொல்லைகளும் எண்ணெய்ப்பனைகளும் சூழ்ந்த அரோச்சுக்வு இன்று ஊர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளுள் ஒன்று. ஆயினும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இக்போ நாட்டின் வணிகத்தையும் வழக்குத் தீர்ப்பையும் பெருமளவு இயக்கியவர்கள் இவ்வூரின் அரோ மக்களே ஆவர். இக்போ, இபிபியோ, அக்பா என்னும் மூவினத்தார் கலந்து உருவானவர்களாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் இவர்கள், எஸே அரோ எனப்படும் தலைவரின் கீழ்ப் பத்தொன்பது சிற்றூர்களாக அமைந்திருந்தனர்.

பேரரசோ பெரும்படையோ இல்லாத இவர்களுக்கு இத்தகைய செல்வாக்கு வாய்த்த காரணத்தை இக்போ சமூக அமைப்பிலேயே தேட வேண்டும். பெரும்பாலான இக்போ ஊர்கள் அரசரின்றி, மூத்தோர் அவையாலும் குலக்குழுக்களாலும் தம்மைத் தாமே ஆண்டுகொண்டமையால், இரண்டு ஊர்களுக்கிடையே வழக்கு மூண்டால் இரு தரப்பும் ஏற்கும் நடுவர் எவரும் இலர். அந்த வெற்றிடத்தை நிரப்பியது இபினி உக்பாபி என்னும் அரோச்சுக்வுத் தெய்வம். காட்டுப் பள்ளத்தாக்கின் குகை ஒன்றில் உறைவதாகக் கருதப்பட்ட அத்தெய்வத்தின் முன் நிலத் தகராறு, கொலைப்பழி, சூனியக் குற்றச்சாட்டு முதலியவற்றைக் கொண்டு தொலைதூரத்தவரும் வந்து நின்றனர். குற்றவாளி எனத் தீர்ந்தவரைத் தெய்வம் விழுங்கிவிட்டதாக உறவினர் நம்ப, ஓடை நீர் சிவந்து அதற்குச் சான்று காட்ட, அவரோ மறைவழியே ஆற்றுத்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடிமையாக விற்கப்பட்டார் என்பது இன்றும் வழங்கும் வரலாறு.

தெய்வத்தின் பெயரால் அரோ வணிகர் அச்சமின்றி வழிநடந்தனர். பெயர் போதாத இடத்தில் ஓஹாபியா, அபாம், எடா ஊர்களின் வீரர்கள் துணைநின்றனர். நான்கு நாள் கொண்ட இக்போ வாரம் ஆறு கழிந்து, 24 நாளுக்கு ஒருமுறை கூடிய பெண்டே, உபுரு பெருஞ்சந்தைகளில் அடிமைகளும் துணியும் துப்பாக்கியும் கைமாறின. உபுருவில் பெண்கள் உப்பேரி நீரைக் காய்ச்சி எடுத்த உப்பும் அச்சரக்குகளோடு சேர்ந்தது. பணமாகப் புழங்கியவை சோழியும், மணில்லா எனப்பட்ட குதிரைலாட வடிவ உலோகக் காப்பும், செப்புக் கம்பியும். வழிநெடுக அரோக்கள் நிறுவிய குடியேற்றங்களுள் இன்றைய இமோ மாநிலத்து அரோண்டிசுவோகு பெயர்பெற்றது.

கடற்கரை வணிகத்தைக் கைப்பற்றியிருந்த பிரித்தானியருக்கு இவ்வலை இடையூறாயிற்று. உயர் ஆணையர் ரால்ஃப் மூர் அடிமை வணிகத்தையும் நரபலியையும் ஒழிக்கவே போர் என அறிவித்தாலும், உள்நாட்டுப் பனையெண்ணெயை இடைத்தரகரின்றிப் பெறும் நோக்கம் அதில் சிறிதன்று. 1901 நவம்பரில் லெப்டினன்ட் கர்னல் மொன்டனாரோ தலைமையில் படை நான்கு திசைகளிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் இறுதிக்குள் அரோச்சுக்வைப் பிடித்து, தெய்வத்தின் இடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 1902 மார்ச்சில் போர் முடிந்தது. குகையைத் தகர்த்ததால் நம்பிக்கை ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. மறைவில் வழிபாடு சில காலம் நீடித்தது.

வணிகம் கைநழுவிய பின் அரோக்கள் கல்வியின் பக்கம் விரைவாகவே திரும்பினர். இவ்வூரின் அமனாக்வுச் சிற்றூரில் 1900இல் பிறந்த ஆல்வான் இக்கோகு 1930களின் தொடக்கத்தில் இங்கேயே அக்ரி நினைவுக் கல்லூரியை நிறுவினார். நைஜீரியாவின் பத்து நைரா தாளில் இருப்பது அவர் உருவமே.