மீண்டும் நீர் கண்ட மரவோடங்கள்

ஆறும் ஏரியும் மலிந்த நாட்டில் ஓடமே மக்களின் கால். வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி அத்தகையதொரு நாடாகும். சாலைகள் தோன்றுமுன் அங்கே மக்களையும் பொருளையும் சுமந்து சென்றது கனூ என்னும் மெல்லிய துடுப்போடமே. ஒரு கைத்தொழில் தோன்றி, வளர்ந்து, தளர்ந்து, மீண்டும் தழைத்த கதையை அதன் வரலாற்றில் காணலாம்.

அந்நிலத்தின் தொல்குடியினர் பிர்ச்சு மரப்பட்டையால் ஓடம் சமைத்தனர். பட்டையை முதலில் விரித்து உருவமைத்து, செடார் மரச் சட்டங்களைப் பின்னரே உள்ளே வளைத்துப் பொருத்தினர். ஸ்புரூஸ் மரத்தின் வேர் தைக்கும் நாராயிற்று. அதன் பிசின் நீர் புகாமல் காத்தது. நீர்வழி முடிந்த இடத்தில் அவ்வோடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேய்ன் மாநிலத்தில், பட்டையின் இடத்தைக் கித்தான் துணி பெற்றது. பேங்கர் நகரின் ஈவன் கெரிஷ் அத்தகைய ஓடங்களை விற்பனைக்குச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். உருவம் பழையதே, செய்முறையோ தலைகீழாயிற்று. ஆவியில் வேகவைத்த சட்டங்களை மர அச்சின்மேல் வளைத்தனர். அவற்றின்மேல் மெல்லிய பலகைகளை வைத்துப் பித்தளை ஆணி அடித்தனர். அச்சில் பதித்த இரும்புப் பட்டையில் மோதிய ஆணிமுனை மடங்கி, மரத்தை மீண்டும் கவ்விக்கொண்டது. இறுதியில் கித்தானை இழுத்துப் போர்த்தி, கலவை தேய்த்து, வண்ணம் பூசினர். பெனோப்ஸ்காட் மக்கள் வாழும் தீவை அடுத்த ஓல்டு டவுன் நகரில் இத்தொழில் பெருகியது. ஓடம் தொல்குடியினரின் அறிவுக்கொடை என்பதற்கு அந்த அண்மையே சான்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், விமானம் செய்த கிரம்மன் நிறுவனம் அலுமினிய ஓடங்களைச் செய்யத் தொடங்கியது. அவற்றிற்கு வண்ணமும் வேண்டா. பேணுதலும் பெரிதாக வேண்டா. பின்னர்க் கண்ணாடியிழை ஓடங்களும் வந்தன. கனடாவின் பீட்டர்பரோ கனூ நிறுவனம் 1961இல் மூடப்பட்டது. பழைய ஓடங்கள் கொட்டகைகளில் கவிழ்ந்து கிடந்தன.

எனினும், 1979இல் மரக் கனூ மரபுச் சங்கம் தோன்றியது. ஓல்டு டவுன் ஓடங்களின் முனைக்கட்டையில் பொறித்த எண்ணைக் கொண்டு, அவற்றை அனுப்பிய நாளையும் முதலில் பூசிய வண்ணத்தையும் பழைய ஏடுகளில் அறிய முடிந்தது. மரவோடம் பழுதுபார்ப்பதற்கென்றே பிறந்தது போன்றது. உளுத்த சட்டத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். கிழிந்த கித்தானை உரித்துப் புதியது போர்த்தலாம்.

இங்ஙனம் மீட்ட ஓடங்களுடன் ஆர்வலர் ஒரு நாள் நீரில் கூடுவதுண்டு. அலுமினியத்தில் துடுப்புப் பட்டால் ஓசை எழும். மரத்திலோ அது அடங்கிவிடும். முழந்தாளிட்டுத் துடுப்பிடுவோரின் கீழே செடார்ச் சட்டங்கள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஆழமற்ற இடத்தில் பாறை உரசாதிருக்க, அவர்கள் நீரில் இறங்கிக் கையால் நடத்திச் செல்வர். மாலையில் நீர் வடித்து, முனைகள் மண்ணில் படாதவாறு கவிழ்த்து வைப்பர். ஈரமண் பட்டால் முதலில் உளுப்பவை முனைகளே.

ஆவியில் மரம் வளைக்கும் பதத்தை நூல் மட்டும் கற்பித்துவிடாது. கையறிந்தவர் அருகிலிருந்து காட்ட வேண்டும். கற்பவர் கை அதனை ஏற்க வேண்டும். ஓடம் நீரில் ஓடும்வரை பழுது தோன்றும்; பழுது தோன்றும்வரை அதனைத் திருத்தும் அறிவும் தலைமுறை தாண்டி வாழும்.