புல்வெளியை விழுங்கிய மரங்கள்

நீலகிரியின் இயற்கை எப்படி அழிந்தது என்று கேட்டால் கோடரியையும் தேயிலையையும்தான் சொல்வோம். இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் மலையின் மேல்தட்டில் அழிவு பெருமளவு மரம் நடும் பணியாகவே நடந்தது. அது வனவளர்ச்சி என்று எழுதப்பட்டதால், நெடுங்காலம் யார் கண்ணிலும் இழப்பாகப் படவில்லை. மேல்தட்டின் இயல்பே வேறு. மடிப்புகளில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி, தாழ்வில் சதுப்பு. சோலை குட்டையானது, காற்றுக்கு ஒதுங்கி நெருங்கி வளர்வது. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் வெளிப்புல்லில். தோடர்கள் தங்கள் எருமைக் கோயில்களுக்குக் கூரை வேய்வது சதுப்பில் விளையும் புல்லால். பிரிட்டிஷ் நிர்வாகம் இந்தப் புல்வெளியைத் தரிசாகவே பார்த்தது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) அங்கேதான் இடம் பிடித்தன. விடுதலைக்குப் பிறகு வேகம் இன்னும் கூடியது: தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரக்கூழ். ஆட்சி மாறியும் தரிசு என்ற பார்வை மாறவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிப்பது.

உதகைக்கு விறகு வேண்டியிருந்தது, நட்ட மரங்கள் சோலையைக் கோடரியிலிருந்து காத்தன என்பார்கள். தொடக்கத்தில் அதில் உண்மை உண்டு. ஆனால் ஊருக்கு விறகு தர ஊரையொட்டிய தோப்புகள் போதும்; குந்தா மலைகள் வரை நட்டதற்கு அது காரணமாகாது. புல்வெளியே மனிதர் வைத்த தீயால் உண்டானதுதான் என்ற வாதம் இதைவிட வலுவானது. அதற்கு விடை சதுப்பிலேயே கிடைத்தது. நீலகிரிச் சதுப்புகளின் கரிச்சேற்றை (பீட்) ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, வறண்ட, குளிர்ந்த காலகட்டத்தில், புல் இங்கே ஓங்கியிருந்ததைக் காட்டியது. தீயும் மேய்ச்சலும் பின்னர் அதன் எல்லையை நகர்த்தியிருக்கலாம், உண்டாக்கவில்லை. மரம் இருந்தால் நீர் பெருகும் என்ற நம்பிக்கையும் இங்கே பொய்த்தது. கிளன்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் கற்பூர மரம் நட்டு, பக்கத்துப் புல்வெளியோடு ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே ஆண்டு நீரோட்டம் 16 விழுக்காடு குறைந்தது. கீழே மின்நிலையங்களுக்குத் தண்ணீர் தரும் மலையில் இது சிறிய இழப்பல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளலாமா? கூடாது. பழைய சீகைத் தோப்புகள் பலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தலையெடுத்திருக்கின்றன. ஒட்டுமொத்தமாக வெட்டினால் அவை போகும், வெளிச்சம் பட்ட மண்ணில் பல்லாண்டு உறங்கிய சீகை விதை முளைக்கும். தமிழ்நாட்டின் வரையாடுகள் 2024 கணக்கெடுப்பில் 1,031தான். அவற்றுக்கு இன்று வேண்டியது எஞ்சிய திறந்த சரிவுகள். ஆகவே பணம் முதலில் முக்குருத்தி போன்ற இடங்களில் புல்லோரம் முளைக்கும் சீகைக் கன்றைக் கையால் பிடுங்கும் வேலைக்குப் போக வேண்டும், ஆண்டு தவறாமல். மரக்கன்று நடும் இலக்குகளிலிருந்து புல்வெளியையும் சதுப்பையும் எழுத்துமூலம் விலக்குவதை அதே நிதியாண்டிலேயே செய்யலாம்.