கட்டளை வரியில் தமிழ் எழுத்து

மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்னும் சீனப் பெருந்தகை ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்துப் புக்கிட் அசஹானில் காடு திருத்தப்பட்டுப் பெருந்தோட்டம் உருவாயிற்று. பின்னர் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் பரவிய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடியேறி லயங்களில் வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிடப் பதில், மண்டோரின் சுருக்கமான ஆணை, பின்னர் வேலைக்காட்டை நோக்கிய நடை. அலுவலகத்தில் கிராணியின் மேசைமீது செக்ரோல் விரிந்து கிடக்கும். ஆளுக்கு ஒரு வரி. அவ்வரியில் பெயர், நாள், பால் நிறை, கூலி ஆகியவை கட்டம் கட்டமாக அமையும். முப்பது நாள் முடிந்ததும் கிராணி வரிவரியாகக் கண்ணை ஓட்டி, வேண்டிய பெயரைத் தேடி, வேண்டிய கட்டத்தை மட்டும் எடுத்துக் கூட்டுவார்.

இச்செக்ரோலை இங்கு நினைவூட்டுவது காரணத்தோடுதான். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பேணும் கணினி நிர்வாகி நாள்தோறும் செய்யும் பணி பெரும்பாலும் இதுவே. ஒரு வரிக்கு ஒரு செய்தி. வரிகளைத் தேடுதல், கட்டத்தை வெட்டுதல், அடுக்குதல், எண்ணுதல். அவர் படம் பார்த்துச் சொடுக்குவதில்லை. கட்டளையை ஒரு வரியாகத் தட்டுகிறார். அவ்வரியில் தமிழ் எழுத்து எவ்வாறு நுழைந்தது, நுழைந்த பின் என்னென்ன இடர்ப்பாடுகளைக் கண்டது என்பது தமிழாசிரியர் அறிய வேண்டிய வரலாறு. தமிழில் தட்டச்சாகிய கோப்புகள் பிழைப்பதும் அழிவதும் பல வேளைகளில் இந்த ஒற்றை வரியைப் பொறுத்தே அமைகின்றன.

லினக்ஸின் முன்னோடி யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதனைத் தொடங்கினர். அந்நாளில் கணினியோடு உரையாடும் கருவி டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறி. வினாடிக்குப் பத்து எழுத்துகளுக்கு மேல் அதனால் அச்சிட இயலாது. ஆதலின் ஆணைப் பெயர்களை இயன்றவரை குறுக்கினர். கோப்புப் பட்டியலுக்கு எல்.எஸ்.; படியெடுக்கச் சி.பி.; அழிக்க ஆர்.எம். இரண்டே எழுத்துகள். இப்பெயர்களைக் கணினியில் ஆங்கில எழுத்தால்தான் தட்ட வேண்டும்; இக்கட்டுரையில் அவை ஒலிவடிவில் தரப்படுகின்றன. பொறி விரைவுபெற்றுப் பல்லாண்டுகள் கடந்தும் அப்பெயர்கள் நீளவில்லை. பழகிய சொல்லை விடாமை கணினியாளர்க்கும் உரிய குணம் போலும்.

கிரெப் என்னும் தேடற்கருவியும் தாம்சன் ஆக்கியதே. பழைய தொகுப்பி ஒன்றில் ஒரு தோரணத்தைக் கோப்பு முழுதும் தேடி அச்சிடுக என்று பணிக்கும் குறியெழுத்துகளே திரண்டு அதன் பெயராயின. செக்ரோலில் ஒருவர் பெயருள்ள வரிகளை மட்டும் காட்டு என்றால் கிரெப் காட்டும். அவ்வரிகளை எண்ணுக என்றால் டபிள்யூ.சி. எண்ணும். ஒன்றன் விளைவை மற்றொன்றனுள் செலுத்தும் குழாய் 1973ஆம் ஆண்டு யூனிக்ஸில் சேர்ந்தது. டக் மெக்கில்ராய் என்பார் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, தோட்டத்து நீர்க்குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைக்கும் வழி வேண்டும் என எழுதியிருந்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டம் இக்கருவிகளை யாவரும் பெறுமாறு புதிதாய் எழுதியது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். இரண்டும் கூடியதே இன்று உலகின் பெரும்பாலான வழங்கிகளை இயக்கும் தளம்.

இவற்றுள் தமிழுக்கு இடம் எங்கே? தொடக்கத்தில் இல்லை. 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியேற்றத்தில் 128 இடங்களே உண்டு. அவை ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்குமே போதுமானவை. ஒரு பைட்டில் எஞ்சிய மேல் 128 இடங்களில்தான் தமிழ் குடியேற வேண்டியிருந்தது. நம் எழுத்துகளோ 247. உயிர்மெய் முழுவதற்கும் தனியிடம் தர இயலாமையால், கொம்பு, கால் முதலிய உறுப்புகளுக்கு இடம் தந்து எழுத்துகளைக் கட்டினர். இதனை எழுத்துரு ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தம் வழியிற் செய்தனர். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றொருவர் ணகரத்தை வைத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கலியாணசுந்தரம் அமைத்த மயிலை எழுத்துரு எனப் பல வழங்கின. மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடிய பல நாட்டுத் தமிழர் டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை முன்வைத்தது. 2000இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளில் இப்பொருள் தொடர்ந்து ஆராயப்பட்டது.

அவ்வாண்டுகளில்தான் பள்ளி மலர், கோயில் விழா மலர், சங்க அறிக்கை என்பன அச்சுக்கோப்பவர் கையிலிருந்து கணினிக்கு மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் கலைந்து, குடும்பங்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே. தோட்டம் கலைந்தாலும் மலர் இருந்தால் பெயர்கள் எஞ்சும். ஆயின் பழைய வட்டில் கிடக்கும் அம்மலரை இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தோன்றுவதில்லை. ஐரோப்பிய ஒலிக்குறிகள் ஏறிய உருத்தெரியா எழுத்துக் குவியலே தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது எனக் கருதி அழித்துவிடுவோர் உண்டு. கோப்பு கெடவில்லை, அதனைப் படிக்கும் திறவுகோல்தான் கைநழுவியது.

திறவுகோலைத் தேடும் முறை பின்வருமாறு. ஃபைல் என்னும் ஆணை, கோப்பின் வகையைக் கூற முயலும். ஆனால் டிஸ்கியையோ டாப்பையோ அது இனங்காணாது. ஏதோ ஐரோப்பியக் குறியேற்றம் என்றே கூறும். அதனை நம்பலாகாது. ஓ.டி. என்னும் ஆணை கோப்பின் பைட்டுகளை எண்களாகவே விரித்துக் காட்டும். பதின்ம எண்ணில் காட்டுமாறு பணித்து நோக்கின், 224ஐ அடுத்து 174 அல்லது 175 மீண்டும் மீண்டும் வருமாயின், அது யூனிகோடுத் தமிழ், யூடிஎஃப் 8 வடிவில் உள்ளது, மாற்றம் வேண்டியதில்லை. அவ்வாறன்றி 128க்கு மேற்பட்ட எண்கள் வேறு வகையில் விரவி வந்தால் பழைய குறியேற்றம் எனக் கொள்ளலாம்.

கோப்பு டிஸ்கி எனத் துணிந்தால் வேலை எளிது. குனூவின் அடிப்படை நிரலகத்தில் 2002ஆம் ஆண்டு டிஸ்கி சேர்க்கப்பட்டது. ஐகான்வ் என்னும் ஆணைக்கு, எதிலிருந்து எதற்கு என இரண்டு பெயர்களைத் தந்தால் போதும். முழுக் கோப்பும் யூனிகோடாகிவிடும். இஃது எண்ணுக்கு எண் மாற்றுவது மட்டுமன்று. டிஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் கொம்பு, ககரம், கால் எனக் கிடக்கும். யூனிகோடிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். அவ்விடமாற்றத்தையும் ஐகான்வ் தானே செய்கிறது. டாப், டாம், பழைய அஞ்சல் முதலியவற்றை அஃது அறியாது. அவற்றுக்குப் பைத்தான் மொழியிலமைந்த ஓப்பன் தமிழ் நிரலகம் போன்றவற்றை நாட வேண்டும். குறியேற்றத்தைத் தவறாகச் சொல்லிவிட்டாலோ, பிழையென நில்லாமலே பொருளற்ற எழுத்துக் கோவை வெளிப்படக்கூடும். ஆகையால் ஹெட் என்னும் ஆணையால் முதற் பத்து வரிகளை மட்டும் எடுத்துக் குழாய் வழியே ஐகான்வுக்குள் செலுத்தி, வாசித்துப் பார்த்து, அதன்பின் முழுக் கோப்பில் கைவைப்பதே அறிவுடைமை.

இங்கு ஓர் எச்சரிக்கையை விரித்துரைத்தே ஆக வேண்டும். விளைவைக் கோப்பில் எழுதுமாறு பணிக்கும் அம்புக்குறியின் வலப்பக்கத்தில் மூலக் கோப்பின் பெயரையே தருவது தொடக்கநிலையாளர் செய்யும் பெரும்பிழை. ஆணை தொடங்குமுன்பே அக்கோப்பு வெறுமையாக்கப்படும். ஐகான்வ் படிக்க ஒன்றும் எஞ்சாது. முப்பதாண்டு மலர் ஒரு விசைத்தட்டில் மறையும். கட்டளை வரியில் குப்பைத்தொட்டி கிடையாது, ஆர்.எம். அழித்தது அழிந்ததே. புதுப் பெயரில் எழுதுவதும், அழிக்குமுன் அதே தோரணத்தை எல்.எஸ். ஆணைக்குத் தந்து எவையெவை அகப்படுகின்றன எனப் பார்ப்பதும் நிர்வாகிக்குப் பழக்கமாக வேண்டும்.

யூனிகோடின் முதற்பதிப்பு 1991இல் வந்தது. தமிழும் அதில் இடம்பெற்றது. எனினும் யூனிக்ஸ் கருவிகள் ஒரு பைட்டு ஓர் எழுத்து என்னும் கணக்கில் எழுதப்பட்டவை. அவற்றை எல்லாம் மாற்றி எழுதுவதா? 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் கென் தாம்சனும் ராப் பைக்கும் இராவுணவின்போது இதற்குத் தீர்வு கண்டனர். அதுவே யூடிஎஃப் 8. ஆஸ்கி எழுத்துகள் முன்போல் ஒரு பைட்டாகவே நிற்கும். ஏனைய எழுத்துகளின் பைட்டுகள் யாவும் 128 அல்லது அதற்கு மேற்பட்டவை. ஆதலின் தமிழ் எழுத்தின் நடுவே வரிமுடிவுக் குறியோ கோப்புப் பாதையின் சாய்கோடோ தவறியும் தோன்றாது. கிரெப்பை ஆக்கிய அதே கை, தமிழ் தெரியாமலே கிரெப்பினுள் தமிழுக்கு வழி திறந்தது என்பது வியப்புக்குரியது.

வழி திறந்தாலும் கணக்கு வேறுபட்டது. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவனைக் கேட்டால் மூன்று என்பான். டபிள்யூ.சி. ஆணையைக் குறியெண்களை எண்ணுமாறு கேட்டால் ஐந்து என்னும்: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. பைட்டுகளைக் கேட்டால் பதினைந்து. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதே காரணம். இது வெறும் வேடிக்கையன்று. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆங்கிலத்துக்கு 255 எழுத்து கிடைக்கத் தமிழுக்கு 85 குறியெண்களே கிடைக்கின்றன. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக்குவோர் இதனால் இடறுவர். கட் என்னும் வெட்டுங்கருவியும் குனூவில் நெடுங்காலம் பைட்டுக் கணக்கிலேயே வெட்டிவந்தமையால், எழுத்தின் நடுவே கத்தி விழுந்து உருச்சிதைவதுண்டு. கட்டத்தைக் காற்புள்ளி முதலிய பிரிகுறி கொண்டு வெட்டினால் இத்துன்பம் இல்லை.

அடுக்குவதில் வேறொரு குறை. இந்திய அரசின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றியமையால் யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டன. சார்ட் ஆணை வெறும் எண்வரிசையைப் பின்பற்றின், கனி முந்திக் கபிலர் பிந்துவார். பழம் முந்திப் பவளம் பிந்தும். நெடுங்கணக்கு அறிந்தவர் கண்ணுக்கு இஃது உறுத்தும். அடுக்குமுன் கணினியின் மொழிச்சூழல் எதுவென லொகேல் ஆணையால் அறிந்துகொள்ளுதல் நன்று.

முனையத் திரையும் தமிழுக்கு முற்றிலும் இசைந்ததன்று. ஒரே அளவான கட்டங்களில் ஓரெழுத்தாய் நிரப்பும் அத்திரையில் கொம்பு இடம் மாறியும் எழுத்துகள் ஒன்றன்மீது ஒன்று ஏறியும் தோன்றலாம். சாளரமற்ற வெறுந்திரையில் அதிகம் போனால் 512 உருக்களே அடங்கும். அங்குத் தமிழ் கட்டங்கட்டமாகவே காணும். கோப்பைப் பழித்துப் பயனில்லை. பைட்டுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மலேசிய அரசு 2004இல் பொதுத்துறையில் திறமூல மென்பொருளுக்கான பெருந்திட்டத்தை வெளியிட்டது. மலாக்காவிலேயே புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும், டுரியான் துங்காலில் 2000இல் தொடங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் எழுந்தன. செக்ரோலில் பெயர் எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கணினிக் கல்விக்கு மாநிலம் தாண்ட வேண்டியதில்லை என்னும் நிலை வந்தது.

அந்தச் செக்ரோலில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறியபோது ஒரே பெயர் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டதை மலேசியத் தமிழர் அனைவரும் அறிவர். தந்தையின் அட்டையில் ஒரு வடிவம், மகனின் பிறப்புப் பத்திரத்தில் வேறொரு வடிவம். யூனிகோடுத் தமிழிலும் அவ்விடர் உண்டு. 'கொடி' என்பதன் ஒகரக்குறி ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; கிரெப்புக்கு வேறு வேறு. அதனினும் கொடியது ஔகாரம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ஔவையாரை 'ஒளவையார்' ஆக்கியோர் பலர். அத்தகைய தொகுப்பில் ஔவையைத் தேடினால் கிரெப் ஒரு வரியும் காட்டாது திரும்பும். ஔவையின் பாடலே அதில் இல்லையென மாணவர் எண்ணுவர். இரு வடிவையும் ஒரே ஆணையில் தந்து தேடுக என்பதே இதற்குரிய கைம்முறை.

எழுத்தெண்ணிக்கைக்கும் இப்போது ஒரு வழி உண்டு. யூனிகோடு வகுத்த எழுத்துக்கொத்து விதியைக் கிரெப்பின் பேர்ல் வகைத் தேடல் அறியும். கொத்துக்கு ஒரு வரியாகப் பிரிக்கச் சொல்லி, வரிகளை டபிள்யூ.சி. கொண்டு எண்ணினால், 'தமிழ்' மூன்று எனவே விடை வரும். 'பக்ஷி' என்று தந்தால் மட்டும், கிரந்தக் கூட்டெழுத்தை ஒன்றாகக் கொள்ளாமல், ப, க், ஷி என அதற்கும் மூன்று என்றே சொல்கிறது.