கழற்றி மாட்டும் இறக்கை

பாரிஸின் துய்லரி தோட்டத்தில் 1871 ஆகஸ்டில் அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் ஒரு பொம்மை விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பரின் விசையில் அது 11 வினாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் போனது. இறக்கை அரை மீட்டரைக்கூட எட்டவில்லை. கையிலேயே எடுத்துப் போய்விடலாம்.

சிக்கலைக் கொண்டுவந்தது பெட்ரோல் என்ஜின்.

1934இல் அமெரிக்காவில் பொம்மை விமானங்களுக்கான ‘பிரவுன் ஜூனியர்’ என்ற குட்டி என்ஜின் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்து என்ஜின் விமானங்கள் பலவற்றின் இறக்கை இரண்டு மீட்டரைத் தாண்டியது. முழுசாகக் காரில் ஏற்ற முடியாது. வீட்டில் வைக்கவும் இடமில்லை.

கைகொடுத்தது சாதாரண ரப்பர் பேண்டு. விமானத்தின் உடலில் குறுக்கே இரண்டு மரக்குச்சிகளைச் செருகி, மேலே இறக்கையை வைத்து, ரப்பர் பேண்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்து மாட்டினார்கள். மைதானத்தில் சில நிமிட வேலை. தரையில் மோதினாலும் இறக்கை நழுவி விலகிக்கொள்ளும். பால்சா மரச் சட்டங்கள் தப்பும்.

நீள இறக்கை கிளைடர்களுக்கு வேறு வழி. இறக்கையை நடுவில் இரண்டாக்கி, உள்ளே பதித்த பித்தளைக் குழாய்களில் எஃகுக் கம்பியை நுழைத்து இணைத்தார்கள். வளைக்கும் விசை முழுவதையும் அந்தக் கம்பி தாங்கியது. பின்னாளில் கார்பன் இழைத் தண்டு அதன் இடத்துக்கு வந்தது. ரேடியோவால் இயக்கும் விமானங்களிலோ இறக்கையைப் பிடிப்பது நைலான் போல்ட்: மோதலில் முதலில் முறிவது அதுதான். புதிய போல்ட்டைத் திருகினால் மறுபடி பறக்கலாம்.